கண் மட்டத்துக்குக் கீழே

இன்று காலை தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் முன்பே கணிதக் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தேன். கட்டடத்தின் உயரம் கேட்ட கணக்குக்கு ஒரு பிள்ளை செங்கோண முக்கோணி வரைந்து, அதற்கு அடியில் ஒடுங்கிய செவ்வகம் ஒன்றையும் சேர்த்திருந்தாள். பார்ப்பவரின் கண் மட்டம், ஒன்றரை மீற்றர். விடையோடு அதையும் கூட்டியிருந்தாள். சரி போட்டேன். அதன் பிறகு பேனை நகரவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் நான் அந்தச் செவ்வகத்தை மறந்தேன்.

நம் வெள்ளவத்தை வீட்டின் பின்வளவில் நின்ற ஈரப்பலா மரம் கூரைப்பக்கம் சாய்ந்திருந்தது. பாகைமானியில் நூல் கட்டி, பின்னுக்கு நடந்து, உச்சி நாற்பத்தைந்து பாகையில் தெரிந்த இடத்தில் நின்றேன். அந்தக் கோணத்தின் தாஞ்சன் விகிதம் ஒன்று. மரத்திலிருந்து நான் நிற்கும் தூரமே உயரம். நாடாவைப் பிடித்து நீங்கள்தான் வாசித்தீர்கள்: பன்னிரண்டு.

மரம் வெட்ட முகத்துவாரத்திலிருந்து வந்த அந்தோனி அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

“கண்ணுக்கு இன்னும் உயரமாத் தெரியுது சேர். தலைய முதல்ல வெட்டி எறக்கிடுவோம். இன்னொரு நாள் போகும், அவ்வளவுதான்.”

“டீச்சர் அளந்தது பன்னிரண்டு மீற்றர். மதில் மரத்தில இருந்து பதின்மூன்றில. அங்க நிண்டு இழுத்தா ஒரு இலைகூடப் படாது. என்ர மனிசியின்ர கணக்கு பிழைக்காது, அந்தோனி!” என்றீர்கள் நீங்கள்.

“சும்மா பகிடி விடாம கயிறைப் பிடியுங்கோப்பா” என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

மரம் நீங்கள் இழுத்த பக்கமே விழுந்தது. அதன் உச்சிக் கிளை உங்களையும் மதிலையும் சேர்த்து அடித்தது.

மாமி, உங்கள் அம்மா, இன்றுவரை சொல்வது ஒன்றுதான்: “அந்தக் குடிகாரன்தான் என்ர பிள்ளையைக் கொன்றவன்.” அந்தோனி குடிப்பதில்லை. ஆனாலும் அந்தக் கதை எங்கள் ஒழுங்கை, தெரு முழுக்கப் பரவி, அவரை மரம் வெட்டக் கூப்பிடுவார் இல்லாமல் போயிற்று. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்து வாசலில் நின்றார். “உயரமாத்தான் தெரிஞ்சது டீச்சர்” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். நான் திரும்பி உள்ளே போனேன். உள்ளே இருந்தவர்கள் அவரைத் திட்டித் துரத்தினார்கள். அது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

மரம் நின்ற, கூரைக்கு மேல் வெறும் வானம் தெரியும் இடத்தில் இப்போதும் என் கண் தானாகக் கோணம் பார்க்கிறது. பன்னிரண்டோடு கண் மட்டம் ஒன்றரை. பதின்மூன்றரை. ஒவ்வொரு முறையும் பதின்மூன்றரை.

அடுத்த மாதம் உங்கள் திவசம். உறவுகள் எல்லாம் வந்திருக்கும்போது அந்தோனியைக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தி, அளந்தது நான், பிழைவிட்டது நான், அவர் சொன்னதைக் கேட்காமல் விட்டதும் நாங்கள்தான் என்று மாமியின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு அவ என்னோடு கதைக்காமலே விடலாம். இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.