போனை வைத்துவிட்டுப் போகிறேன்

சுபலட்சுமி,

தூங்குகிறவளை எழுப்ப மனசு வரவில்லை. சட்டியில் புளிச்சோறு இருக்கிறது, துவையல் அரைத்திருக்கிறேன்.

கோயம்புத்தூர் காலேஜா, இங்கே நாகமலை யுனிவர்சிட்டியா என்று இன்று ஐந்து மணிக்குள் நீ போனில் அமுக்கியாக வேண்டும். ஓடிபி என் நம்பருக்குத்தான் வரும். ஜவுளிக்கடையில் எங்களைப் போன் தொட விடமாட்டார்கள், அதனால் அதை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

நேற்று நான் "உன் இஷ்டம்டி" என்றதற்கு, "எப்பக் கேட்டாலும் இதையே சொல்லு. நான் யார்ட்டத்தான் கேக்குறது?" என்று கத்தினாய். எனக்கு நிஜமாகவே தெரியவில்லையடி. விடியக்காலையில் முனியாண்டி கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தேன். வெள்ளை வந்தால் கோயம்புத்தூர், சிவப்பு வந்தால் நாகமலை. வெள்ளை வந்தது, நீ தூரப் போய்விடுவாயே என்று அழுதேன். மனசு கேட்காமல் மறுபடி போட்டேன், சிவப்பு வந்தது. கோயம்புத்தூரில் இடம் கிடைத்த அன்று நீ குதித்தது ஞாபகம் வந்து, அதற்கும் அழுதேன். "எது வந்தாலும் அழுதா சாமி என்னத்தா செய்யும்?" என்று பூசாரி சலித்துக்கொண்டார்.

அம்மா

போனில் சார்ஜ் கம்மி, முதலில் அதைப் போடு.

ஏழு மணிக்கு வில்லாபுரம் பஸ் ஸ்டாப்புக்கு வா. எதை அமுக்கினாய் என்று அங்கே சொல்லாதே. வீடு வரைக்கும் சும்மா பேசிக்கொண்டு நடந்து வருவோம்.