தலையை நேராக வைக்கவும்

ஜூன் 16, திங்கள்

மேலிடத்திலிருந்து புது உத்தரவு. எங்கள் சிறப்புப் பயிற்சி மையத்தில் இனி ஆப் வழியாகத்தான் வருகைப்பதிவு. தினமும் ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் போனுக்குக் காட்ட வேண்டும். திரையில் ஒரு வட்டம். அதன் கீழே: தலையை நேராக வைக்கவும்.

மதிவதனிக்கு மூளை முடக்குவாதம். ஒன்பது வயது. யார் கூப்பிட்டாலும் குரல் வந்த பக்கம் அவள் தலை சாய்ந்துவிடும். நேராக நிற்காது. நிற்குமானால் இங்கே ஏன் வருகிறாள்?

ஜூன் 18, புதன்

பதியவில்லை. மறுபடியும். மறுபடியும். மதி சிரிக்கிறாள் — விளையாட்டு என்று நினைத்துவிட்டாள்.

ஒருங்கிணைப்பாளர் ஜெரோம் சாரிடம் கேட்டேன். மாதம் முழுக்க முகம் பதியாவிட்டால் வீட்டுப் பட்டியலுக்கு மாற்றிவிடுவார்களாம். வேன் வராது. இயன்முறைப் பயிற்சி கிடையாது. எப்போதாவது ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்.

"வீட்டுல யாரு சார் இவளப் பாத்துக்குவாங்க?"

"அதக் கேக்கறதுக்கு ஆப்புல எடமில்லீங்க டீச்சர்."

மதியின் அம்மா மயிலாத்தாளுக்கு நூல் மில்லில் வேலை. மாலையில் சொன்னேன். "அப்பப் பழையபடி உள்ள உட்டு, வெளிய பூட்டிப்போட்டுத்தானுங்க போகோணும்." மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள்.

ஜூன் 26, வியாழன்

மதியின் தாடையைப் பிடித்து நிறுத்தினேன். நானே. அழுதாள். விட்டுவிட்டேன்.

பல்கலைக்கழகத்தில் இதற்கு நல்ல நல்ல சொற்கள் படித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. விரல்களில் அவள் எச்சில்.

ஜூன் 27, வெள்ளி

ஜெரோம் சார் வழி கண்டுபிடித்துவிட்டார். மதியின் தங்கை தமிழினி, மையம் இருக்கும் இதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவள் முகத்தை மதியின் பெயரில் பதிவது.

"அச்சு அசல் ஒரே மூஞ்சிங்க. ஆப்பு என்ன தொட்டா பாக்கப் போகுது?"

"இது பொய் சார்."

பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருந்த மயிலாத்தாள் திரும்பினாள். "பொய்யில்லாம நீங்க இருந்துக்குவீங்க டீச்சர். எம்புள்ள எங்கீங்க இருப்பா?"

போனை எடுத்துப் பிடித்தேன். தமிழினி வட்டத்துக்குள் தலையை நேராக வைத்தாள். பச்சை டிக்.

ஜூலை 9, புதன்

தினமும் காலையில் மூன்றாம் வகுப்பு வாசலில் நின்று நான் "மதிவதனி" என்று கூப்பிடுகிறேன். தமிழினி எழுந்து "உள்ளேனுங்க" என்கிறாள். ஜெரோம் சார் கொடுத்த பழக்கம். "திடீர்னு யாராச்சும் வந்தாப் புள்ள உளறிப்போடக் கூடாதுங்க."

மதி வேனில் வருகிறாள். பயிற்சி நடக்கிறது. அது மட்டும் நிஜம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆப்பில் அப்டேட்.

"தலைக் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்ட மாணவி: மதிவதனி. பொது வகுப்புக்கு மாற்றலாம். இயன்முறைப் பயிற்சி தேவையில்லை."

சிரித்தேன். பிறகு போனைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. யாருடைய தலை? யாருடைய முன்னேற்றம்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு மனுஷன் நேரில் வந்து பார்த்திருந்தால் — என்ன வேலையடா பார்க்கிறீர்கள் அங்கே உட்கார்ந்து!

ஆகஸ்ட் 14, வியாழன்

செவ்வாய்க்கிழமை அதிகாரி வருகிறார். முன்னேற்றத்தைப் பார்க்க. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"வேலை போனா உங்களுக்குப் பீளமேட்டுல ஊடு இருக்குதுங்க. தோட்டம் இருக்குது. எனக்கு?"

ஜெரோம் சார் சொன்னது சரி. அதனால் இன்னும் கோபம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அதிகாரி போனைப் பார்த்து, "மதிவதனி யாரு?" என்றார்.

"உள்ளேனுங்க." அக்காவோடு விளையாட வந்திருந்த தமிழினி சட்டென்று எழுந்துவிட்டாள். நாங்கள் பழக்கியபடியே.

பாயில் படுத்திருந்த மதியும் தன் பெயரைக் கேட்டாள். தலை குரலின் பக்கம் சாய்ந்தது. தொண்டையிலிருந்து அவளுடைய அந்த ஒலி — இருக்கிறேன் என்பதற்கு அவளிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அதிகாரி இருவரையும் பார்த்தார். ஜெரோம் சார் ஜன்னலைப் பார்த்தார்.

"பாயில இருக்கறவதாங்க மேடம் மதி" என்றேன். "தினமும் போட்டோ எடுத்தது நான்."

"அப்ப இத்தன நாளா முன்னேறுனது யாரு?"

"யாரும் இல்லீங்க. உங்க ஆப்பு நேரான தலை ஒண்ணு கேட்டுச்சு. குடுத்தோம்."

ஆகஸ்ட் 28, வியாழன்

என் ஒப்பந்தம் ரத்து. மதி வீட்டுப் பட்டியலில். ஆப் அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

புது அறிவிப்பு வந்திருப்பதாக ஜெரோம் சார் போனில் சொன்னார். முகம் பதியாதவர்களுக்கு இனி கைரேகை. மதியின் விரல்கள் பிறந்ததிலிருந்து மூடியே இருக்கின்றன. மயிலாத்தாள் எத்தனை மணிக்கு மில்லுக்குப் போகிறாள் என்று அவரிடம் கேட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

நான் மதியின் வீட்டுக்குப் போனபோது காலை ஷிப்ட்டுக்கு மயிலாத்தாள் கிளம்பிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் பூட்டைக் கையில் எடுத்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் அதை ஆணியில் மாட்டினாள்.

"எத்தன நாளைக்குங்க டீச்சர்?"

"தெரியலீங்க."

அவள் போன பிறகு உள்ளிருந்து தாழ் போட்டேன். வெந்நீரில் துணியை நனைத்து, மதியின் மூடிய விரல்களைக் கட்டைவிரலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தேன்.