இடைத்தளத்து அட்டைகள்

மார்ச் 3, செவ்வாய்

'எம்' எழுத்துக்கு வந்துவிட்டேன். இந்த ஆங்கில–தமிழ் அகராதியில் 'ஏ'யிலிருந்து நான் முன்னால் வருகிறேன். 'இசட்'டிலிருந்து இன்னொருவர் பின்னால் வருகிறார். அவரை நான் பார்த்ததில்லை.

"நடுவுல சந்திச்சுக்குங்க. அப்புறம் ஒருத்தர் போதும்," என்றார் ஆசிரியர், டீயை ஊதிக்கொண்டே.

எந்த ஒருத்தர்? கேட்கவில்லை. பதினொரு வருட ஊழியத்தில் கற்ற நாகரிகம்.

மார்ச் 6, வெள்ளி

மீடியேட்டர்: சமரசம் செய்பவர். மத்தளம் போல இரு பக்கமும் இடி வாங்குபவர் என்று எழுதி, அடித்துவிட்டேன். மீடியாக்கர்: நடுத்தரமான. எடுத்துக்காட்டு தேடிக் கண் தானாக ஆசிரியர் அறைப் பக்கம் போனது.

மார்ச் 10, செவ்வாய்

'இசட்' பக்கத்துக்காரர் எழுதிய சொல் அட்டைகள் சரிபார்க்க வந்தன. மிட்ஸ்ட்ரீம்: நட்டாறு. (மனிதர்களை விட்டுவிட்டு வருவதற்கென்றே அமைந்த இடம்.) மிட்ஸ்ட்: நடுவே. அவருடைய எடுத்துக்காட்டு: 'பச்சைப் பூச்சு உரிந்த கூடத்தின் நடுவே கால் ஆடும் மேசை கிடந்தது.'

எங்கள் வீட்டுக் கூடமும் பச்சை. மேசையும் ஆடும். இருக்கட்டும், உலகத்தில் ஒரு வீட்டில்தானா பூச்சு உரியும்?

மார்ச் 12, வியாழன்

மிட்பாயிண்ட்: நடுப்புள்ளி. 'கட்டில் பலகை நடுப்புள்ளியில் விரிசல் விட்டிருப்பதால் அவர் சுவரோரம் படுப்பார்.'

அந்த விரிசல் எனக்கும் மனைவிக்கும் தச்சருக்கும்தான் தெரியும். தச்சருக்கு ஆங்கிலம் தெரியாது.

பியூனைப் பிடித்தேன். "இந்த அட்டையெல்லாம் எங்கேருந்து வருது?"

"மேல் மாடிப் படியில இருக்கும் சார். எடுத்துட்டு வந்து வெப்பேன்."

"மேல யாரு இருக்கா?"

"மேல ஏது சார் ஆளு? பழைய பேப்பர்தான். பூட்டியே கெடக்கு."

மார்ச் 16, திங்கள்

மிடில்: நடு. 'நடு இழுப்பறையில் அவர் நாட்குறிப்பு வைத்திருக்கிறார். படித்தேன். கையெழுத்து எளிதாக வருகிறது.'

அட்டையைத் திருப்பி வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து.

மார்ச் 17, செவ்வாய்

"அவரை நான் பார்க்கணும் சார்."

ஆசிரியர் வியந்தார். "இன்னும் பார்க்கலியா? உங்களைப் பத்தி அவ்வளவு நல்லா சொல்றாரே! வீடு, வாசல், எல்லாம் ரொம்பப் பிடிச்சிருக்காம்."

மார்ச் 18, புதன்

எங்கள் இருவருக்கும் நடுவே ஒரே ஒரு சொல்தான் பாக்கி: மெசனைன். இரண்டு மாடிகளுக்கு இடைப்பட்ட தளம். எங்கள் அலுவலகமே அதில்தான் இருக்கிறது. அந்த அட்டையை எழுதப்போவதில்லை. எழுதினால்தானே சந்திப்பு? வெற்று அட்டையைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மனைவி சர்க்கரை போடாத டீ கொடுத்தாள். "ஏங்க, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?"

ஏழு வருடமாகச் சர்க்கரை கிடையாது, மருத்துவர் உத்தரவு. கசப்பு இன்று நன்றாக இருந்தது. என் கசப்பு.

மார்ச் 19, வியாழன்

மதியம் மூன்று, அலுவலகம். பையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருக்கிறது! 'மெசனைனில் அமர்ந்திருந்தவருக்குப் படியில் காலடி கேட்டது.'

நான் எழுதலையே. சத்தியமா நான் எழுதலை.

கேட்கிறது. மேலிருந்து. அவசரமே இல்லாத நடை. கதவுக்கும் எனக்கும் நடுவே பத்தடி—

மார்ச் 20, வெள்ளி

'எம்' முடிந்தது. இனி 'எல்'லின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். அவர் எழுதிவைத்ததெல்லாம் பரவாயில்லை, கிண்டல்தான் தூக்கல். திருத்திவிடலாம்.

காலையில் டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை கேட்டேன். "என்னங்க, ஏழு வருஷம் கழிச்சுத் திடீர்னு?" என்றாள் மனைவி. பிறகு போட்டுக் கொடுத்தாள். நல்ல மாதிரி. கட்டிலுக்குத் தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்; சுவரோரம் எனக்குச் சரிப்படாது.

அலுவலகத்தில் மட்டும் ஒரு தொந்தரவு. மேல் மாடியில் யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பியூனிடம் சொன்னேன்.

"மேல ஏது சார் ஆளு?" என்றார்.