இட்லி தூங்கவில்லை அம்மா

எப்போதும் வாசல் பக்கமே முகம் வைத்துப் படுத்திருந்த என் அம்மாவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு முதல் வருஷத் திதி. பிள்ளையார்பாளையத்தில் எல்லாரும் செய்வதுபோல் உன் படம் போட்டுத் தெருமுனையில் சுவரொட்டி ஒட்டலாமா என்று பக்கத்து வீட்டு சரோஜா அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் இதை எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கலாம். ஆனால் தம்பியை, உன் சின்னவனைப் பற்றி நான் ஊரெல்லாம் தப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அதைத் திருத்துவதும் ஊர் படிக்கத்தான் நடக்க வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. நம் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. நீ முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள். நீ படுத்திருந்த கட்டிலுக்குக் கீழேதான் படுத்துக்கொள்கிறாள். கட்டில் மேல் ஏற விடுவதில்லை. ஏற அவளால் முடியவும் முடியாது.

ஏனாத்தூரில் எங்கள் கல்லூரி வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தவள். ஏதோ ஒரு லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. எங்கள் நூலகர் கஸ்தூரி அவளைச் சென்னைக்குக் கொண்டுபோய், பின்தொடை எலும்பில் தகடு வைத்து ஆபரேஷன் செய்து அழைத்து வந்தார். அவர் வீட்டில் ஏற்கெனவே நான்கு நாய்கள். குணமாகும்வரை வைத்துக்கொள்ள ஒவ்வொரு ஆசிரியராகப் போய்க் கேட்டார். எல்லாரும் பரிதாபப்பட்டார்கள், எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. கடைசியாக என்னிடம் வந்தார். என்னைவிட இளையவனைத் துறைத்தலைவராக்கிய நாளிலிருந்து நான் ஆசிரியர் அறையில் யாரிடமும் பேசுவதில்லை. அதனால் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதும் இல்லை.

"சார், உங்க அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனப்போ நீங்க ஒண்டியா பாத்துக்கினீங்களாமே. இதுவும் அதே மாதிரிதான் சார். தூக்கணும், தொடைக்கணும், குதிக்காம பாத்துக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

பதினான்கு மாதம் உன்னைத் தூக்கினேன், துடைத்தேன் அம்மா. நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள் என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அந்தக் கஸ்தூரிதான். ஒரு நாய்க்காகச் சொன்னார். இருந்தாலும் சொன்னாரே. சரி, கொண்டுவாருங்கள் என்றேன். குணமான பிறகும் திருப்பித் தர மாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

சாதுவான பிறவி. கட்டுப் பிரிக்கும்போது வலித்தால் என் மணிக்கட்டை வாயில் கவ்விக்கொள்வாள், பல் பதியாது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை மாட்டியிருந்தார்கள். அது நிலைப்படியில் இடிக்கும்போதெல்லாம் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல என்னைப் பார்ப்பாள். ஆறு வாரத்துக்குப் படி ஏறக்கூடாது, ஓடக்கூடாது. வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கித்தான் சந்துக்கு அழைத்துப் போக வேண்டும். உன்னைத் தாங்கிப் பழகிய கை அம்மா. சிரமமே இல்லை.

சிரமம் வேறு இடத்தில் இருந்தது. நீ படுத்திருந்தபோது இந்தத் தெருவில் எத்தனை பேர் உன்னை வந்து பார்த்தார்கள்? இவளைப் பார்க்க வரிசை கட்டி வந்தார்கள். சரோஜா அக்கா தறியை நிறுத்திவிட்டுத் தயிர்சாதம் பிசைந்துகொண்டு வந்தார். கோடிவீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் இவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். கல்லூரிப் பிள்ளைகள் பேருந்து பிடித்து வந்தார்கள். உன் சார்பில் எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் சரோஜா அக்காவிடம் கேட்டேவிட்டேன், அப்போதெல்லாம் எங்கே போனீர்கள் என்று.

அவர் சோற்றுக் கிண்ணத்திலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். "பெரிம்மாவ பாக்க வந்தா நீ வாசல்லயே நின்னு பதில் சொல்லி அனுப்பிச்சிருவ தம்பி. நாய்னாத்தானே உள்ள விடுற."

குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பிறகு சின்னவன் வந்து சேர்ந்தான். நேரில் இல்லை, போனில். ஓசூரில் வேலை பார்க்கிற அவனுக்குச் சரோஜா அக்கா இவளுடைய போட்டோவை அனுப்பியிருக்கிறார். மறுநாள் மூன்று மணிக்கு, ஷிப்டு முடிந்த கையோடு, வீடியோ காலில் வந்துவிட்டான். இவள் வெள்ளை உடம்பு, முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி. பார்த்த உடனே சிரித்தான். "என்னாண்ணா, நம்ம கோயில் இட்லி மாதிரியே இருக்குது. மிளகெல்லாம் போட்டு."

நான் யோசித்து யோசித்து வெண்பா என்று பெயர் வைத்திருந்தேன். பத்து நாளாகக் கூப்பிட்டும் திரும்பாதவள். அவன் "ஏய் இட்லி" என்றதும் அந்தக் கூம்புக்குள் இரண்டு காதும் எழுந்து நின்றன. அன்றிலிருந்து இந்தத் தெருவுக்கே அவள் இட்லி. தமிழில் எம்.ஃபில் வாங்கியவன் வைத்த பெயரைக் கால்நடை டாக்டரின் சீட்டில் மட்டும் பார்க்கலாம்.

தினமும் மூன்று மணிக்கு, நான் காலைநேரக் கல்லூரி முடிந்து வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து, கூப்பிட்டான். சாப்பிட்டாளா, காலை ஊன்றுகிறாளா, தையல் எப்படி இருக்கிறது. தரையில் போனை வைத்தால் அவன் குரலுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். தூக்குகிறவன் நான், துடைக்கிறவன் நான். காது மட்டும் அவனுக்கு. எனக்கு இது புதிது இல்லை, அம்மா. உனக்குத் தெரியும்.

கொள்ளி வைக்க அப்பாவுக்குப் பெரியவன், அம்மாவுக்குச் சின்னவன் என்பது நம்முடைய வழக்கம். அப்பா போனபோது எனக்கு இருபது வயது. கொள்ளிச் சட்டி சுட்டதுதான் நினைவிருக்கிறது. நீ போன அன்று சின்னவன் ஓசூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கினான். மொட்டை போட்டுக்கொண்டான், சட்டியைத் தூக்கினான். பதினான்கு மாதம் உன் படுக்கையை மாற்றியவன் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். எல்லார் கையும் அவன் தோளில் இருந்தது. உன் நெஞ்சில் நெருப்பு வைக்கிற உரிமைக்குக்கூட ஒருவன் பொறாமைப்படுவானா என்று கேட்காதே. பட்டேன்.

அன்றே சொல்ல ஆரம்பித்தேன். பெற்றவளிடம் போனில் இரண்டு வார்த்தை பேசாதவன் கொள்ளி வைக்கிறான் பார் என்று. பதினாறாம் நாள் பந்தியில் சொன்னேன். கல்லூரியில் பேசாதவன் இதை மட்டும் பேசினேன். முடிதிருத்துகிறவரிடம்கூடச் சொன்னேன்.

அவன் பேசினான் அம்மா. பேசக் கூப்பிட்டான். தினமும் கூப்பிட்டான்.

உனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று உன் பட்டன் போனை எடுத்து முன்னறை அலமாரியில் வைத்தது நான்தான். முதல் தடவை நீ நிஜமாகவே தூங்கினாய். தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்றான் அவனே. மறுநாள் கொடுத்தேன். அன்று நீ என்ன செய்தாய் தெரியுமா? போனைக் காதில் வைப்பதற்கு முன் முன்நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாய். யாரும் பார்க்க முடியாத போனில். எனக்காக நீ ஒருநாளும் முடியை ஒதுக்கியதில்லை. என்னைப் பார்த்தால் "மாத்திரை குடுத்துட்டியா?" என்பாய். நான் பக்கத்திலேயே இருந்தேன், அதனால்தான் என்று இப்போது புரிகிறது. அப்போது புரிய விடவில்லை நான்.

அதற்குப் பிறகு எப்போதாவதுதான் கொடுத்தேன். மூன்று மணிக்குப் போன் அடிக்கும். உன் கை தலைக்குப் போகும். நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் "தூங்குறாங்கடா" என்று சொல்லிவிட்டு வருவேன். திரும்பி வரும்போது உன் கை போர்வைமேல் இருக்கும்.

"யாருப்பா?" என்பாய்.

"காலேஜ்லேர்ந்து" என்பேன்.

நீ வாசல் பக்கம் திரும்பிக்கொள்வாய். நம்பினாயா? நம்பியதுபோல் இருந்தாயா? அந்தப் பதினான்கு மாதத்தில் மூன்று முறை அவன் வந்தான். போன் பேச்சு எழுந்துவிடுமோ என்று சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேத்திகளைப் பற்றி மட்டுமே கேட்டாய். இருக்கிற இரண்டு மணி நேரத்தைக் குறை சொல்லிக் கெடுக்கிறவள் இல்லை நீ. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

இப்போது ஒன்பது நாளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலையில் இட்லி முதல் முறையாகத் துண்டு இல்லாமல் நான்கு காலையும் ஊன்றி நின்றாள். நான் மட்டும்தான் பார்த்தேன். அது எனக்கே இருக்கட்டும் என்று தோன்றியது. மூன்று மணிக்குப் போன் வந்தது. வீடியோவை எடுக்காமல் குரலை மட்டும் எடுத்தேன். சிக்னல் சரியில்லை என்றேன். இட்லி எங்கே என்று கேட்டான். அவள் என் காலடியில் கண் விழித்துப் படுத்திருந்தாள்.

"தூங்குதுடா" என்றேன்.

அவன் குரல் கேட்ட உடனே அவள் வால் தரையில் அடிக்க ஆரம்பித்திருந்தது. நம் வீட்டு சிமெண்ட் தரையில் அது கதவைத் தட்டுகிற மாதிரி கேட்கும். காலால் அதை அமுக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"தூங்குதுன்ற. வாலு தட்டற சத்தம் கேக்குதே" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. சரோஜா அக்கா தறியில் நாடா ஓடுகிற சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

"அண்ணா. அம்மாவும் இப்பிடித்தான் தூங்கினாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான். நான் சொல்வதை இதுவரை அவன் நம்பாமல் இருந்ததில்லை.

"ஆமாண்டா" என்றேன். "எல்லா நாளும் இல்ல. சில நாள்." அதுவும் பொய் என்பதால் இன்னொரு முறை சொன்னேன். "நெறைய நாள்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் பதிலுக்கு ஏதாவது கிடைத்திருக்கும். "எம்மேல கோவம், அதான் அம்மா பேச மாட்டேங்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேண்ணா" என்றான். "நேர்ல வந்தப்பகூட பொண்ணுங்களப் பத்தி மட்டும்தான கேட்டுச்சு. கொள்ளி வெக்கிறப்போகூட அதான் நெனச்சேன். நீ பக்கத்துலதான நின்ன."

பிறகு, "திதிய நீயே குடுத்துக்கோ. உனக்கு அதுதான வேணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒரு வருஷமாக அதுதான். இப்போது கைக்கு வந்தது, ஐயருக்குப் போன் செய்து நேரம் கேட்கக்கூட என்னால் முடியவில்லை. அவனைத் தினமும் மூன்று மணிக்கு நானே கூப்பிடுகிறேன். அவன் மனைவி எடுத்து, அவர் தூங்குகிறார் என்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஒரு மனிதன் இரண்டு வருஷம் தன் அம்மாவுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய் வந்திருக்கிறான். ஒரு அம்மா தன் பிள்ளை தன்னை மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். நடுவில் நின்றவன் நான். நீ சாகும்வரை உன்னைத் தாங்கியவன் என்ற பெயர் எனக்கு வேண்டும் என்று சண்டை போட்டேனே, அந்தப் பெயரோடு இதையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை ஓசூர் போகிறேன். இரண்டு நாள் இட்லியைக் கஸ்தூரியிடம் விட வேண்டும். அவரை இதுவரை ஒருவேளை சோறு வைக்கக்கூட விட்டதில்லை. எங்கே அவரிடம் ஒட்டிக்கொண்டுவிடுவாளோ என்றுதான். நேற்று கேட்டபோது அவர் சிரித்தார். "என்னாண்ட குடுத்தா உங்கள மறந்துடும்னு பயமா சார்?" ஆமாம் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

சின்னவன் கதவைத் திறக்காமல் போகலாம். திறக்கும்வரை நிற்பேன். வெள்ளிக்கிழமை சர்வதீர்த்தக் குளக்கரையில் இலைக்கு முன்னால் அவன்தான் உட்காருவான். எள்ளும் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அவன் உன் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடும்போது எனக்கு வயிறு எரியாது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எரியும். எரியட்டும், என் இடத்திலிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

அம்மா எப்படி இருந்தார்கள் கடைசி நாட்களில் என்று அவனோ, அவன் பெண்களோ, இந்தத் தெருவில் யாரோ கேட்டால், இனி ஒரே பதில்தான். மதியம் மூன்று மணிக்கு நீ விழித்துக்கொண்டுதான் இருந்தாய். போன் அடித்தால் முடியை ஒதுக்கிக்கொள்வாய். இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். சத்தியம்.

உன் பெரியவன்