எடைக்காரனுக்கு எழுபத்தொரு ஆரோ

ஆடி 21, புதன்

விடிந்ததிலிருந்து பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் இரண்டு பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில். கம்பெனியில் நேவி கலர் டீசர்ட், ஃபைனல் செக்கிங். ஆயில் கறை ஏகத்துக்கு. அம்புக்குறி போட்ட ஆரோ ஸ்டிக்கர் ஒரு ரோல் காலி.

மதியம் கொழுந்தனார் சிவசாமி கம்பெனிக்கே வந்துவிட்டார். காதர்பேட்டையில் பனியன் மொத்தக்கடை. அது சும்மா பேருக்கு. முழுநேர வேலை, நடிகர் வேல்முகிலன் ரசிகர் மன்றத் தலைவர். வேல்முகிலன் சினிமாவுக்கு வந்து ஐம்பது வருஷமாம். அவிநாசி ரோட்டுத் தியேட்டரில் வருகிற ஞாயிறு காலைக் காட்சி மன்றத்துக்குக் கிடைத்திருக்கிறது. ஒரே காட்சி, ஒரே படம். தியேட்டரை நிரப்பப் போவது எங்கள் செக்கிங், பேக்கிங் பெண்கள் என்பதால் எந்தப் படம் என்று அவர்களே ஓட்டுப் போடட்டும் என்கிறார். முதலாளியும் சரி சொல்லியாயிற்று.

கையில் சார்ட், படத்துக்கு ஒரு போட்டோ ஒட்டி. மேலே 'தலைசிறந்த பத்துப் படங்கள்'. பட்டியல்:

எரிமலைச் சாமி - சண்டை எண்ணி மாளாது.
தங்கச்சிக்கு ஒரு தேர் - கர்ச்சீப் இரண்டு வேண்டும்.
நாலு கண் போலீஸ் - கண்ணாடி போட்டும் குறி தப்பாது.
மேட்டூர் மெயில் - ரயில் கூரை மேல் முழுப் பாட்டு.
இன்னும் ஐந்து. எல்லாம் இதே ரகம்.

பத்தாவது இடம் காலி. 'எடைக்காரன்' என்று எழுதச் சொன்னேன்.

"நங்கையா," என்று அண்ணி முறை வைத்து ஆரம்பித்தார், "இருபத்தாறு வருசம் ஆச்சு. இன்னும் அந்தப் படத்தை உடமாட்டீங்களா? மூணு நாள் ஓடலீங்க."

"ஓடாதது படத்தோட குத்தமுங்களா, பாக்காதவங்க குத்தமுங்களா?"

"பாத்ததே ரெண்டு பேரு. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு ஆபரேட்டர்."

சிரித்துக்கொண்டேதான் எழுதினார். திருஷ்டிப் பொட்டு மாதிரி கடைசியில் கிடக்கட்டும் என்றார்.

ஆடி 22, வியாழன்

காற்று அப்படியே. தலைவலி. பால்காரர் வரவில்லை.

எ.கா. என்று சுருக்கி எழுதினால் 'எடுத்துக்காட்டு' ஆகிவிடுகிறது. அதுவும் சரிதான். நடிப்புக்கு எடுத்துக்காட்டு அந்தப் படம்.

இந்த நோட்டை யாரும் பார்ப்பதில்லை, எழுதிவிடுகிறேன். அந்தப் படத்தை நான் பாதிதான் பார்த்திருக்கிறேன். இடைவேளை வரைக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால், டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அன்று கரண்ட் இல்லை, மிஷின் நின்றுவிட்டது. தியேட்டரில் ஜெனரேட்டர் உண்டு. மூன்று பேர் ஓடினோம். வேல்முகிலன் பருத்திச் சந்தையில் எடை போடுகிறவர். பொய் எடை போடாத கை என்று ஊரே சொல்லும். கஷ்டப்படுகிற சிநேகிதன் பருத்தியைத் தூக்கித் தராசில் வைக்கிறான். இவர் கை மெதுவாகத் தட்டுப் பக்கம் போகிறது. கைதான் திரை முழுக்க. அழுத்துவாரா, மாட்டாரா? இடைவேளை.

சரியாக அப்போது எங்கள் சூப்பர்வைசர் தியேட்டருக்குள்ளேயே வந்து கத்தினார். "கரண்ட் வந்துருச்சு, எல்லாரும் வாங்க!" போய்விட்டோம். அடுத்த நாள் வேறு படம் மாற்றிவிட்டார்கள். ரைட்ஸ் தகராறில் டிவியிலும் வரவில்லை. இப்போதுதான் தகராறு தீர்ந்து புதுப் பிரதி வந்திருக்கிறதாம்.

பாதிப் படத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம், கல்யாண வீட்டில், காதுகுத்தில், எல்லா இடத்திலும் கொழுந்தனாருடன் சண்டை போட்டிருக்கிறேன். மீதிப் பாதி குப்பையாக இருந்தால் என் கதி? ஆனாலும் பார்த்தாக வேண்டும். அந்தக் கை என்ன செய்தது என்று தெரிந்தாக வேண்டும்.

ஆடி 23, வெள்ளி

காலையிலிருந்து மாலை வரை பையர் இன்ஸ்பெக்ஷன். நகர முடியவில்லை. பீஸ் பாஸ். அதற்குள் செக்கிங் சுவரில் ஓட்டெடுப்பு முடிந்திருந்தது.

எடைக்காரன் - எழுபத்தொன்று. எரிமலைச் சாமி - வெறும் நான்கு!!

கொழுந்தனார் சார்ட்டின் முன்னால் நின்று மூன்று தடவை எண்ணினார். ஒவ்வொரு ஆரோ ஸ்டிக்கராக, விரல் வைத்து.

"நங்கையா, ஏதாச்சும் மருந்து வெச்சீங்களா?"

"நான் இங்கயே இல்லீங்க தம்பி."

மனிதர் சொன்ன சொல் மாறாதவர். என் எதிரிலேயே தியேட்டருக்குப் போன் போட்டு எடைக்காரன் என்றார். குரல் மட்டும் சாவு வீட்டுக் குரல்.

நான் வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன். சிக்னலில் ஒரு ஆள் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஆடி 24, சனி

போச்சு.

டீ டைமில் புஷ்பா கேட்கிறாள். என் டேபிளில் பத்து வருஷமாக செக்கிங் செய்கிறவள். "ஏனுங்க அக்கா, வேண்டாம்னு நாங்க ஆரோ ஒட்டுன படத்தையேதான் போடுவாங்களாமா?"

ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் டீயை அப்படியே கீழே வைத்தேன். கொழுந்தனார் மைக்கில் சொன்னது, "ஆளுக்கொரு ஆரோ ஒட்டுங்க." அவ்வளவுதான். எங்கள் பெண்களுக்கு ஆரோ என்றால் என்ன? பனியனில் ஓட்டை இருந்தால் ஆரோ. கறை இருந்தால் ஆரோ. தையல் விட்டிருந்தால் ஆரோ. எது பழுதோ அதைக் காட்டத்தான் ஆரோ. நல்ல பீஸில் எவளாவது ஸ்டிக்கர் ஒட்டுவாளா? பத்துப் படத்தில் எது டேமேஜ் என்று கேட்கிறார்கள் என்று நினைத்து, கேள்விப்படாத படத்தில் ஒட்டிவிட்டார்கள். ஒடிசாப் பெண் சுனிதாவுக்குத் தமிழ் படிக்க வராது. மீசை இல்லாத போட்டோ பார்த்து ஒட்டினாளாம். "ஹீரோ நஹி லக்தா, தீதி." ஹீரோ மாதிரியே இல்லையாம்.

ஆக, எழுபத்தொரு பேர் என் படத்தை ரிஜெக்ட் செய்திருக்கிறார்கள். ஜெயித்தது எரிமலைச் சாமியோ எதுவோ.

கொழுந்தனாருக்குச் சொல்ல வேண்டும். போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். தெரிந்தே ஒரு டேமேஜ் பீஸைப் பாஸ் செய்ததில்லை நான். இன்று செய்தேன். சொன்னால் படம் மாறிவிடும், கையை இனி எப்போது பார்ப்பது?

டேபிள் டேபிளாகப் போய்க் கெஞ்சினேன். "வாங்க கண்ணு. பாத்துட்டு அப்புறம் திட்டுங்க." சில பேர் தலையாட்டினார்கள். சில பேர் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்றார்கள்.

ஆடி 25, ஞாயிறு

வந்தார்கள்!! கம்பெனி வண்டி இரண்டு தடவை அடித்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, முறுக்குப் பையோடு. பால்கனியும் நிறைந்தது. மன்றத்துப் பையன்கள் கற்பூரம் காட்டினார்கள். கொழுந்தனார் எனக்கு இரண்டு சீட் தள்ளி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

முதல் பாதி எனக்கு மனப்பாடம். பின்னால் கசகசவென்று பேச்சு. "சண்டை எப்ப வரும்?" கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. தராசு. கை. இடைவேளை.

கொழுந்தனார் குனிந்து கேட்கிறார், "நங்கையா, அமுத்துவானுங்களா?"

எனக்கென்ன தெரியும்! "சொன்னா நல்லாருக்காதுங்க தம்பி," என்றேன். யாராவது வந்து கரண்ட் வந்துவிட்டது என்று கூப்பிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுத்திவிட்டார். பொய் எடை போட்டுவிட்டார். யாரும் சந்தேகப்படவில்லை, அவர் கையாயிற்றே. அப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேல்முகிலன் சும்மா தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த சந்தையில் எல்லோர் முன்னாலும் தராசு மேடையில் ஏறி நிற்கிறார். "போன சந்தையில இந்தக் கை பொய் சொல்லிருச்சுங்க." மியூசிக் இல்லை. வேலை போகிறது. கடைசிக் காட்சியில் தன் சின்ன மூட்டையோடு வரிசையில் நிற்கிறார், புது எடைக்காரனின் கையைப் பார்த்துக்கொண்டு.

தியேட்டரே எழுந்து நின்றது. விசில். சண்டைக்கு அடிக்கிற விசில் இல்லை இது, வேறு. புஷ்பா என் தோளில் சாய்ந்து அழுதாள். சுனிதா ஓடி வந்து, "தீதி, ஃபிர் சே!" இன்னொரு தடவை போடச் சொல்கிறாள்! மன்றத்துப் பையன்கள் தலைவர் தலைவர் என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நானும் கத்தினேன். வெட்கமே இல்லை. குப்பை இல்லை, குப்பை இல்லை. இரண்டாம் பாதி முதல் பாதியைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

கொழுந்தனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எழுவத்தொரு பேரு சும்மாவா ஒட்டுனாங்க, நங்கையா. அவிங்களுக்குத் தெரிஞ்சிருக்குது."

அதற்குமேல் சந்தோஷமாக நிற்க முடியவில்லை. அந்த மனுஷன் மேடை ஏறிச் சொன்னதைப் பார்த்துவிட்டு, நான் எப்படிச் சொல்லாமல் இருப்பது?

ஆடி 26, திங்கள்

மதியம் பர்மிஷன் போட்டுவிட்டுக் காதர்பேட்டை போனேன். கடையில் வடநாட்டுப் பார்ட்டி. அவர்கள் போகிறவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

ஆரோ விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில். சனிக்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன். அப்படியே இன்னொன்றும், இடைவேளைக்கு மேல் நேற்றுத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று.

பண்டல் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபம் என்று நினைத்தேன். அப்புறம் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நங்கையா, மன்றத்துல யாருக்கும் சொல்லீராதீங்க. நான் ரிலீசு அன்னிக்கே போனனுங்க. டைட்டில்ல ஸ்டண்ட் மாஸ்டர் பேரே வரலீங்க. எந்திரிச்சு வந்துட்டேன்."

டைட்டிலோடு! இருபத்தாறு வருஷம் அந்தப் படத்தைத் திட்டினாரே, ஒரு சீன் கூடப் பார்க்காமல்!

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அடுத்த ஞாயிறும் எடைக்காரன்தானாம், தியேட்டர்க்காரரே கேட்டிருக்கிறார்.

எப்படிக் கணக்குப் போட்டாலும் அவரைவிட நான் பாதிப் படம் முன்னால்.