லைட்டாக எடுத்துக்கொள்ளச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை, ஆனால் அதை எழுதக் கை வரவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் "லைட்டா எடுத்துக்கோங்கம்மா" என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே புக முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். சமையலறைக் குழாய் உடைந்து வீடெல்லாம் வெள்ளம் என்றேன், லைட்டா எடுத்துக்கோங்க என்றாய். உன் தங்கை மாமியாரோடு மல்லுக்கு நின்று பெட்டியும் கையுமாக வந்துவிட்டாள் என்றேன், அதற்கும் அதேதான். எனக்குத் தாங்கவில்லை. மாடியில் குடியிருக்கும் இங்கிலீஷ் டீச்சரிடம் போய், அந்த வார்த்தைக்கு அப்படி என்னதான் அர்த்தம், சொல்லும்மா என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பரீட்சைப் பேப்பர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு எனக்கு ஒரு வகுப்பே எடுத்தாள். முதல் அர்த்தம் எடை குறைவாக இருப்பது, அதிலும் இருக்க வேண்டிய எடை இல்லாமல் இருப்பதையும் அப்படியே சொல்லலாமாம். சீக்கிரம் செரிக்கிற சாப்பாட்டுக்கும் அந்த வார்த்தைதான், உடம்பு நோகாத வேலைக்கும் அதுதான், சின்னச் சத்தத்துக்கே கலைந்துவிடுகிற தூக்கத்துக்கும் அதுவேதானாம். அந்தத் தூக்கத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்றேன், சிரித்தாள். சரி, என் பிள்ளை சொல்கிறானே அது எதில் சேர்த்தி என்று கேட்டேன். ஒரு விஷயத்தை லைட்டாக எடுத்துக்கொள்வது என்றால் அதை ஒரு பொருட்டாக மதிக்காமல் விடுவது, அப்படி விட்டுவிடாதே என்று எச்சரிக்கத்தான் இங்கிலீஷில் அதிகம் சொல்வார்கள் என்றாள். "ஆறுதலுக்குச் சொல்றதெல்லாம் நம்ம ஆளுங்க கண்டுபிடிச்சது ஆன்ட்டி" என்றும் சொன்னாள். இத்தனை படித்த உனக்கு இது தெரியாமலா இருக்கும்.

உன் அப்பாவிடம் கேட்டிருந்தால் ஒரே அர்த்தத்தோடு முடித்திருப்பார். பேக்கரியில் ஆயுசு முழுக்க எடை மேசையில் நின்ற மனிதர். ஆறிய ரொட்டியைத் தட்டில் வைப்பார், முள் ஏறவில்லை என்றால் "லைட்டு!" என்று ஒரு குரல், ரொட்டி பக்கத்துக் கூடைக்குப் போய்விடும். கூடையில் விழுந்ததை வேலைக்காரர்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நீயும் உன் தங்கையும் அந்த ரொட்டியைத் தின்றுதான் வளர்ந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. ஒருமுறை பெரிய ஆர்டர் வந்து முதலாளியே, இன்றைக்கு மட்டும் கண்டுகொள்ளாதே என்றபோதுகூட இவர் அசைந்து கொடுக்கவில்லை. தராசு என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள், அதையும் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார். அப்பேர்ப்பட்டவர் என்ன செய்தார் என்று எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவருடைய வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் தேதி குறித்தார்கள், அதற்கு வருகிறேன் என்று நீ டிக்கெட் எடுத்தாய், இவர் நாற்காலி நாற்காலியாகத் தூசி தட்டினார். பிறகு டாக்டர் பார்த்துவிட்டு, பெரியவர் உடம்பில் சதையே இல்லை, இந்த எடையில் கத்தி வைக்கத் தைரியம் வரவில்லை, அடுத்த வாரம் மறுபடி எடை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அதை அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். தேதி உறுதியானால் பார்க்கலாம், தள்ளிப்போனால் லீவையும் தள்ளிவிடுகிறேன், லைட்டா எடுத்துக்கோங்க என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் நர்ஸ் எடை பார்த்தாள், பரவாயில்லையே தேறிவிட்டாரே என்று எழுதிக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான், கஞ்சியைக்கூடத் தள்ளிவிடுகிறவர் எப்படித் தேறினார் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார், ணங் என்று ஒரு சத்தம். பேண்ட் கனம் தாங்காமல் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. பைக்குள் கையை விட்டால் இரும்பு எடைக்கல், மற்றப் பைக்குள்ளும் ஒன்று. பேக்கரியில் கரண்டு தராசு வந்தபோது ஞாபகத்துக்கு என்று வாங்கி வந்த பழைய கற்கள். வாழ்நாளில் ஒரு ரொட்டிக்குக்கூடப் பொய் எடை காட்டாத மனிதர் தனக்குக் காட்டியிருக்கிறார். என்னங்க இது என்றேன். "சத்தம் போடாதே, தேதி மாறினா அவன் வரமாட்டான்" என்றார், திருடிப் பிடிபட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக உன்மேல் கோபம் வந்தது. நேரே நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "மயக்க மருந்தையே எடையைப் பார்த்துத்தாம்மா குடுப்போம், ஐயா உசுரோட விளையாடிட்டாரே" என்றாள். ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறட்டும், ஆனால் ரொம்பநாள் காத்திருக்கவும் முடியாது, கட்டி வளரும் என்கிறார் டாக்டர்.

சாப்பிடச் சொன்னால் எங்கே சாப்பிடுகிறார். முட்டை வைத்தால் தட்டை ஒதுக்குகிறார், பால் ஆறி ஏடு படிந்து கிடக்கிறது. உன் தங்கை கெஞ்சிப் பார்த்துவிட்டாள், நான் திட்டிப் பார்த்துவிட்டேன். என்னோடு அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். "என் பிள்ளை வர்றதைக் கெடுத்தவ நீதான்" என்று சொன்னதுதான் கடைசி, அதன்பிறகு உப்பு வேண்டும் என்றால்கூட உன் தங்கை மூலம் கேட்கிறார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது எப்படி இருக்கும் என்று உன் மனைவியைக் கேட்டுப் பார், அவளுக்காவது புரியும். அவள் நல்ல பெண். உனக்குச் சொல்லத் தயக்கம் என்று அவள்தான் எனக்குப் போன் செய்து சொன்னாள், நீ டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய் என்று. நீ ரத்து செய்தது அவரை மறுபடி எடை பார்ப்பதற்கு முந்தின நாள். மறுநாள் அவர் பையில் கல்லோடு அந்த மெஷினில் ஏறி நின்றபோது உன் டிக்கெட்டே இல்லை.

வா என்று இனி நான் கூப்பிடப் போவதில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே சலித்துவிட்டது. வந்தால் உன் கையால் நாலு வாய் சாப்பிடுவார், அது உனக்கும் தெரியும். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசு. நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அது என் வயிறு எரிந்தாலும் மாறாது. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பாவிடம் பேசும்போது டிக்கெட்டை எந்த நாளில் ரத்து செய்தாய் என்று வாய் தவறியும் சொல்லிவிடாதே. நான் போட்டுக் கொடுத்ததால்தான் நீ வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே நினைக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா