கேளையாட்டுக் குட்டிக்கு ஒரு விரிப்பு

நவ. 11, செவ்வாய்

மழை. கணியம்பாடியில் பஸ் லேட். பூங்காவில் மான் கொட்டகை எல்லாம் ஒரே சேறு. கூட்டிப் பெருக்கி முதுகு கழன்றுவிட்டது.

தாயில்லாமல் வந்த கேளையாட்டுக் குட்டி இன்றும் கொஞ்சம்தான் குடித்தது. குளிரில் நடுக்கம். டாக்டர்: "பால் உள்ள போனாத்தான்மா பொழைக்கும்."

வீட்டுக்காரரிடம் நேற்றே சொல்லியிருந்தேன். அவர் வேலை செய்யும் தோல் ஷெட்டிலிருந்து மெத்தென்ற கழிவுத் துண்டுகள் கொண்டுவந்தார். மடியில் போட்டு விரிப்பு தைத்தேன். விரலெல்லாம் எரிச்சல்.

நவ. 12, புதன்

தூறல். விரிப்பு போட்டாச்சு. குட்டி அதில் படுக்கவில்லை. மூலையில், வெறும் தரையில் நிற்கிறது. பால் துளிகூட இறங்கவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

மனசு கேட்காமல் ஒவ்வொரு கொட்டகையாய்ப் போய் நின்றேன். கடமான், பசு உயரம், மழையில் நனைந்தாலும் அசையாது. புள்ளிமான், ஒன்று ஓடினால் எல்லாம் ஓடும். சருகுமானுக்குக் கொம்பே கிடையாது, குளம்பு என் சுண்டுவிரல் நகம் அளவு. கேளையாடு, பேரில்தான் ஆடு, அதுவும் மான்தான், நாய் மாதிரிக் குரைக்கும். எல்லாம் குளம்புக்காரர்கள்தான், ஆனால் ஒன்றைப் போல ஒன்று இல்லை. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. இந்த வேலையில் அது ஒன்றுதான் அலுக்காதது.

வீட்டில் சொன்னேன். "எங்க ஷெட்ல ரெண்டே ரகம்தான். ஆடு, மாடு." சிரிப்பு வேறு.

நவ. 13, வியாழன்

மழை இல்லை, வெயிலும் இல்லை. என்னோடு வேலை செய்யும் சாந்தி அக்கா திமிரியிலிருந்து லீவு முடிந்து வந்தார். உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்தினார்.

"இன்னாடி இது, தோல் நாத்தம் கொடலப் பொரட்டுது."

விரிப்பை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சட்டையைத் துவைக்கிற மூக்கு, மரத்துவிட்டது. குட்டிக்கு மரக்கவில்லையே. பாவி நான்.

விரிப்பை எடுத்துவிட்டு வைக்கோல் போட்டோம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பால் கொடுத்தேன். திரும்பிக்கொண்டது.

"ஒங் கையிலயும் அடிக்குதுடி. குடு இங்க."

அக்கா கையில் மடமடவென்று குடித்தது. சந்தோஷம்தான். பொறாமையும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பை நிறையத் துண்டுகளோடு வந்தார். "இது இன்னும் மெத்துனு இருக்குது பாரு. சூப்பர்வைசர் கால்ல உழாத கொறையா கேட்டு வாங்கியாந்தேன். குட்டி படுக்குதா?"

படுக்குது என்றேன்.